ஒன்றரை ஜிபி எங்கே போகிறது?

“அண்ணே, நான் வீடியோவே பாக்குறதில்ல. செய்தி படிக்கிறேன், கரன்ட் அஃபேர்ஸ் பாக்குறேன், நோட்ஸ் எடுக்கிறேன். அவ்வளவுதான். அப்புறம் எப்படி சாயங்காலத்துக்குள்ள ஒன்றரை ஜிபியும் காலியாகுது?”

டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டார். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர். பகல் முழுக்க மாவட்ட நூலகத்தில் இருப்பார். புத்தகம் பாதி, செல்போன் பாதி என்று படிப்பு ஓடுகிறது. மாலை ஆறு மணிக்குப் போன் மந்தமாகிவிடும். அதன் பிறகு ஒரு பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். இந்தக் கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். “வீடியோ பார்க்காதே, டேட்டா மிச்சமாகும்” என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. வீடியோவே பார்க்காதவருக்கு அது பதில் ஆகாதே. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

முதலில் கணக்கு. எச்டிடிபி ஆர்க்கைவ் என்ற திட்டம் உலகெங்கும் உள்ள இணையதளங்களின் எடையைத் தொடர்ந்து அளந்து வருகிறது. 2024ஆம் ஆண்டு அவர்கள் அளந்தபோது, செல்போனில் திறக்கும் முகப்புப் பக்கங்களின் நடு எடை சுமார் 2.3 எம்பி. பாதிப் பக்கங்கள் இதைவிடக் கனம், மீதிப் பாதி இதைவிட லேசு என்று பொருள். அதற்குப் பத்தாண்டு முன்னால் இந்த எடை 1 எம்பியைக்கூடத் தொடவில்லை. சரி, ஒன்றரை ஜிபியை 2.3 எம்பியால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 650 பக்கம் வருகிறது. ஒரு நாளில் 650 பக்கம் திறந்து படிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. தம்பியும் அப்படிப் படிக்கவில்லை. ஆக, இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். அவர் திறக்கும் பக்கங்கள் அந்த நடு எடையைவிடப் பல மடங்கு கனமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், அவர் திறக்காத எதையோ போன் தானாக இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். அவர் போனில் இரண்டுமே நடந்துகொண்டிருந்தன.

எது தின்கிறது என்று தெரிந்துகொள்ளப் போனிலேயே வழி இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் அல்லது கனெக்‌ஷன்ஸ் என்று இருக்கும். அதற்குள் டேட்டா யூசேஜ். போன் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் ‘டேட்டா’ என்று தட்டினால் வந்துவிடும். எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசை போட்டிருக்கும். ஒரு செயலியைத் தொட்டால், நீங்கள் திறந்து வைத்திருந்தபோது எடுத்தது எவ்வளவு, பின்னணியில் எடுத்தது எவ்வளவு என்று பிரித்தும் காட்டும். ஆலோசனை கேட்கும் முன் இந்தத் திரையை ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

தம்பியின் போனில் பிரவுசர் முதல் இடத்தில் இருந்தது. அடுத்து வாட்ஸ்அப். மூன்றாவது பிளே ஸ்டோர். பின் இரண்டையும் சட்டென்று முடித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மொபைல் டேட்டாவில் தானாக இறங்குபவை என்ற இடத்தில் எல்லா டிக்கையும் எடுத்துவிட வேண்டும். பயிற்சி வகுப்புக் குழுக்கள் ஐந்தாறு இருந்தால், அதில் வரும் ஒவ்வொரு படமும் கேட்காமலே இறங்கிக்கொண்டிருக்கும். இனி தொட்டால்தான் இறங்கும். பிளே ஸ்டோரில் செயலி அப்டேட்டுகளை வைஃபையில் மட்டும் என்று மாற்ற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

பிரவுசர் விஷயம் அப்படியில்லை. அதற்கு ஒரு இணையப் பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எழுத்திலிருந்து தொடங்குவோம். கணினியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் இடம் பிடிக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். மொத்தம் 15 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். இதைக் கேட்டதும், தமிழில் படித்தால் டேட்டா மூன்று மடங்கு செலவாகுமோ என்று சிலர் கவலைப்படுகிறார்கள். கவலையே வேண்டாம். 600 சொல் கொண்ட ஒரு தமிழ்க் கட்டுரையின் எழுத்து மட்டும் என்றால் பதினாறு, பதினேழு கேபிதான் வரும். அதுவும் சர்வர் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். வந்து சேரும்போது அதில் கால்வாசிதான் இருக்கும். சுருக்காமலே கணக்கிட்டாலும் 2.3 எம்பி பக்கத்தில் நீங்கள் படிக்கப்போகும் தமிழ் ஒரு சதவீதத்தைத் தொடாது.

மீதி 99 சதவீதம் என்ன? பெரும்பங்கு படங்கள். அடுத்து ஜாவாஸ்கிரிப்ட் எனப்படும் நிரல்கள். பக்கத்தை இயக்குவதற்குச் சில, உங்கள் நடமாட்டத்தைக் கவனிப்பதற்குப் பல, விளம்பரம் எடுத்து வருவதற்கு இன்னும் பல. அப்புறம் எழுத்துருக் கோப்புகள். இவற்றுக்கு மேல் ஓரத்தில் தானாக ஓடும் வீடியோ.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் மேல் பட்டையில் இணைய வேகத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் ஸ்பீட்’ என்று தேடி ஆன் செய்யலாம். ஆன் செய்துவிட்டு, அவர் தினமும் படிக்கும் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கச் சொன்னேன். எண் நூற்றுக்கணக்கான கேபிக்கு எகிறியது. தலைப்பு வந்தது, செய்தி வந்தது. பிறகு விரலைத் தூக்கிவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னேன். பக்கம் முழுதும் வந்துவிட்டது. படிக்க வேண்டிய எழுத்து கண்முன் இருக்கிறது. இனி எண் பூஜ்யத்துக்கு வர வேண்டும் அல்லவா? வரவில்லை. கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். கீழே மூலையில் சின்னக் கட்டத்தில் சத்தமில்லாமல் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கியது. நடுவே விளம்பரக் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் புதிய விளம்பரத்துக்கு மாறின. சில தளங்கள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை முழுப் பக்கத்தையும் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. “நான் வீடியோ பாக்குறதில்ல” என்று தம்பி சொன்னது முழு உண்மை. அவர் பார்க்கவில்லை, ஆனால் வீடியோ ஓடியது. டேட்டா கணக்கில் பார்த்ததும் ஓடியதும் ஒன்றுதான்.

சத்தம் இல்லாத வீடியோ தானாக ஓடலாம் என்று ஐபோனின் பிரவுசரும் ஆண்ட்ராய்டின் குரோமும் அனுமதித்தது 2016ஆம் ஆண்டில். சத்தம் வந்தால்தான் தொல்லை, இல்லாவிட்டால் இல்லை என்பது அதற்குப் பின்னால் இருந்த எண்ணம். தினசரி அளவு வைத்து வாழ்கிறவருக்குச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை.

இனி எந்த யோசனையைக் கேட்டாலும் ஒரே கேள்வியை வைத்துச் சோதித்துவிடலாம். இது பைட்டுகள் டவரைத் தாண்டி என் போனுக்கு வருவதற்கு முன்னால் வேலை செய்கிறதா, வந்த பின்னாலா? வந்த பின்னால் என்றால், பயன் இல்லை. கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது.

இந்தச் சோதனையில் பலரும் நம்பும் பல யோசனைகள் அடிபட்டுப் போகின்றன. ரீடர் மோட் என்று ஒன்று இருக்கிறதே, விளம்பரமெல்லாம் மறைந்து எழுத்து மட்டும் சுத்தமாகத் தெரியும், படிக்க மிக நல்லது. ஆனால் பக்கம் பெரும்பாலும் இறங்கி முடிந்த பிறகுதான் அந்தப் பொத்தானே வரும். கண்ணுக்கு நிம்மதி, டேட்டா போனது போனதுதான். டார்க் மோட் சில திரைகளில் பேட்டரியை மிச்சப்படுத்தும், டேட்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதும் அப்படியே.

சில பழக்கங்கள் பயன் தராததோடு, செலவையும் கூட்டுகின்றன. போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர் செயலிகள் அதில் முதலிடம். அவை தினமும் கேஷைத் துடைத்துவிட்டு “இவ்வளவு எம்பி விடுவிக்கப்பட்டது” என்று பெருமையாகக் காட்டும். கேஷ் என்பது குப்பை இல்லை. நேற்றுப் பார்த்த தளத்தின் சின்னம், எழுத்துரு, நிரல்கள், படங்கள் ஆகியவற்றைப் பிரவுசர் போனிலேயே எடுத்து வைத்திருக்கும் இடம் அது. இன்று அதே தளத்தைத் திறந்தால் அவற்றை மறுபடி இறக்க வேண்டாம். துடைத்துவிட்டால் எல்லாமே முதலிலிருந்து டவர் வழியாக வர வேண்டும். தினம் ஐந்தாறு தளங்களையே திரும்பத் திரும்பப் படிக்கிறவருக்குக் கேஷ்தான் பெரிய சேமிப்பு. போனில் இடம் தீர்ந்தால் ஒழிய அதைத் தொட வேண்டாம். இன்காக்னிட்டோவும் இதே கதை. அந்த ஜன்னல்களை மூடியதும் அதில் சேர்ந்ததெல்லாம் அழிந்துவிடும். அடுத்த முறை வெறும் கையோடுதான் தொடங்கும். ரகசியம் தேவைப்படும் இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள், அன்றாடப் படிப்புக்கு வேண்டாம். ‘டெஸ்க்டாப் சைட்’ என்ற டிக்கும் தேவையில்லாமல் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். பெரிய திரைக்கான பெரிய படங்கள் வர அது வழி செய்யும்.

இனி வருவதற்கு முன்னாலேயே தடுக்கும் வழிகள்.

ஆண்ட்ராய்டிலேயே ‘டேட்டா சேவர்’ இருக்கிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் எல்லாப் போனிலும் உண்டு. ஐபோனில் 2019 முதல் ‘லோ டேட்டா மோட்’. டேட்டா சேவரை ஆன் செய்தால் பின்னணியில் இருக்கும் செயலிகள் மொபைல் டேட்டாவைத் தொட முடியாது. குரோம் போன்ற பிரவுசர்கள், இந்த ஆள் டேட்டாவை மிச்சம் பிடிக்கிறார் என்ற குறிப்பைத் தளங்களுக்கு அனுப்பும். அதை மதித்துச் சின்னப் படங்களை அனுப்பும் தளங்களும் உண்டு. கண்டுகொள்ளாத தளங்களே அதிகம். ஒன்றைக் கவனியுங்கள்: டேட்டா சேவர் ஆனில் இருந்தால் வாட்ஸ்அப் செய்திகளும் தாமதமாக வரக்கூடும். எந்தச் செயலிக்குத் தடை வேண்டாமோ அதை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடலாம். வாட்ஸ்அப், மெயில் இரண்டையும் தம்பியின் போனில் சேர்த்தோம்.

குரோமில் இன்னும் இரண்டு இடங்கள். பிரைவசி பகுதிக்குள் ‘ப்ரீலோட் பேஜஸ்’ என்று ஒன்று. நீங்கள் அடுத்து எதைத் தொடுவீர்கள் என்று ஊகித்து அதை முன்கூட்டியே இறக்கி வைக்கும் வசதி. ஊகம் சரியானால் பக்கம் பட்டென்று திறக்கும். தப்பானால் நீங்கள் பார்க்காத பக்கத்துக்குச் செலவு. வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். அடுத்து, புதிய டேப் திறந்ததும் கீழே படங்களோடு வரும் செய்திச் சரம். அதையும் அணைத்துவிடலாம். நாளுக்கு எத்தனை முறை புதிய டேப் திறக்கிறோம் என்று யோசித்தால் அதன் அருமை தெரியும்.

ஆனால் உண்மையான மாற்றம் வேண்டுமென்றால் பிரவுசரையே மாற்றச் சொல்வேன். ஆண்ட்ராய்டில் குரோமுக்கு விளம்பரத் தடுப்பான் எதையும் சேர்க்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் முடியும். ஃபயர்ஃபாக்ஸைப் போட்டு, மூன்று புள்ளியைத் தொட்டு, எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் ‘யுபிளாக் ஆரிஜின்’ என்பதைச் சேர்க்க வேண்டும். ரேமண்ட் ஹில் என்பவர் உருவாக்கி இலவசமாக வழங்கிவரும் தடுப்பான் அது. ‘ஆரிஜின்’ என்ற சொல் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே பெயரில் வேறொன்றும் உலவுகிறது. சேர்த்த உடனேயே விளம்பர நிரல்களும் கண்காணிப்பு நிரல்களும் கேட்கப்படாமலே நின்றுவிடும். பிரவுசர் அவற்றைக் கேட்பதே இல்லை. அதனால் டவரைத் தாண்டி வருவதும் இல்லை.

அதன் செட்டிங்ஸுக்குள் பலரும் பார்க்காத ஒரு வரி இருக்கிறது. குறிப்பிட்ட கேபிக்கு மேற்பட்ட ஊடகக் கோப்புகளைத் தடுத்துவிடு என்பது அது. கட்டத்தில் 50 கேபி என்று முன்பே எழுதியிருக்கும். டிக் போட்டால், 50 கேபிக்குள் இருக்கும் சின்னப் படங்கள் வழக்கம்போல் வரும். பெரிய படம் இருந்த இடம் காலிக் கட்டமாக நிற்கும். பார்க்க வேண்டும் என்று தோன்றினால் கட்டத்தைத் தொட்டு வரவழைக்கலாம். செய்தி படிக்கிறவருக்கு இது அபாரமான ஏற்பாடு. அமைச்சர் ரிப்பன் வெட்டும் படம் வேண்டாம். மழை வரைபடம் வேண்டும். எது வேண்டும் என்பதைப் படிக்கிறவர் தீர்மானிக்கிறார். தம்பியின் போனில் அதே செய்தித் தளத்தை இப்படித் திறந்தபோது, செய்தி வந்ததும் மேல் பட்டையின் எண் இறங்கி அப்படியே நின்றது. அவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபயர்ஃபாக்ஸிலேயே சைட் பர்மிஷன்ஸ் பகுதியில் ஆட்டோபிளே என்று ஒன்றும் உண்டு. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது மட்டும் ஒலியையும் படத்தையும் தானாக ஓடவிடாதே என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்பவர் இதை மட்டுமாவது செய்யட்டும்.

விளம்பரத்தைத் தடுப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. பத்திரிகைகளும் சிறு தளங்களும் விளம்பர வருமானத்தில்தான் ஓடுகின்றன; எழுதுகிறவன் என்ற முறையில் அது எனக்குத் தெரியும். நான் மதிக்கும் தளங்களுக்குத் தடுப்பானை அணைத்து வைத்திருக்கிறேன். தளவாரியாக அணைக்க அதிலேயே பொத்தான் இருக்கிறது. ஒரு பத்தி படிக்க வந்தவரின் டேட்டாவில் கேட்காத வீடியோக்களை ஓட்டும் தளத்துக்கு அந்தச் சலுகை தர எனக்கு மனமில்லை.

நாற்பதைத் தாண்டியவர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள்: “அந்தக் காலத்து ஓபரா மினி இன்னும் இருக்கா?” இருக்கிறது. 2005இல் நார்வே நாட்டில் பிறந்த பிரவுசர் அது. 2ஜி காலத்தில், பட்டன் வைத்த நோக்கியா போனில் இணையம் பார்த்தவர்கள் அதற்குக் கடன்பட்டவர்கள். அது வேலை செய்யும் விதமே வேறு. பக்கத்தை உங்கள் போன் திறப்பதில்லை. ஓபராவின் சர்வர் திறக்கிறது, நசுக்கிச் சுருக்குகிறது, சுருக்கியதை மட்டும் போனுக்கு அனுப்புகிறது. ‘எக்ஸ்ட்ரீம்’ முறையில் வைத்தால் பக்கத்தின் எடை பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். படங்களின் தரத்தைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தவும் செய்யலாம். செய்திக்கும் கட்டுரைக்கும் இன்றைக்கும் அதை மிஞ்ச ஆள் இல்லை.

ஆனால் எக்ஸ்ட்ரீம் முறையில் உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே ஓபராவின் சர்வர் நிற்கிறது. பூட்டுச் சின்னம் போட்ட பாதுகாப்பான பக்கத்தையும் அங்கே பூட்டைத் திறந்து படித்தால்தான் சுருக்க முடியும். ஆகவே வங்கி, ஆதார், மின் கட்டணம், தேர்வு விண்ணப்பம் எதற்கும் அந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குரோமிலும் இதைப் போல ‘லைட் மோட்’ என்று ஒன்று இருந்தது. கூகுள் சர்வர் வழியாகச் சுருக்கித் தரும். 2022 மார்ச் மாதம் அதை நிறுத்திவிட்டார்கள். பல நாடுகளில் டேட்டா விலை குறைந்துவிட்டது, பக்கங்கள் தாமாகவே லேசாக வரும்படி பிரவுசரை மேம்படுத்திவிட்டோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இங்கே நடந்தது என்னவென்றால், 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் விலை சரிந்தது உண்மை. 2021 இறுதியிலும் 2024 ஜூலையிலும் பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றுமே கட்டணத்தை உயர்த்தியதும் உண்மை. வேலை கிடைக்கும்வரை வீட்டில் கேட்டு ரீசார்ஜ் செய்கிற பிள்ளைகளுக்கு அந்த வசதி தேவையற்றுப் போகவில்லை.

அந்த வெற்றிடத்தில் ‘டேட்டா சேவர் விபிஎன்’ என்று இலவசச் செயலிகள் நிறைய முளைத்தன. அவற்றை நான் போடவே மாட்டேன். ஒனாவோ என்ற நிறுவனத்தின் கதையே போதும். டேட்டாவைச் சுருக்கித் தரும் செயலியோடு தொடங்கிய நிறுவனம் அது. 2013இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. பின்னர் அதன் விபிஎன் செயலி, பயனர்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தை ஃபேஸ்புக்கின் வணிகத் தேவைக்குத் திரட்டியது வெளியே வந்தது. ஆப்பிளின் விதிகளை மீறியதாகச் சொல்லப்பட்டதும் 2018இல் ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டு மூடினார்கள். உங்கள் எல்லாப் போக்குவரத்தையும் ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள் என்றால், அவர் யார், எதனால் பிழைக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கென்றே ஒரு ஓட்டை இருக்கிறது: பிடிஎஃப். அறிவிக்கை, பாடத்திட்டம், பழைய வினாத்தாள், பாடநூல் எல்லாம் பிடிஎஃப்தான். தம்பியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஒரே பாடத்திட்டம் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3, 4 என்று எண் போட்டு வரிசையாக நின்றது. ஒவ்வொரு முறையும் தளத்துக்குப் போய், இணைப்பைத் தொட்டு, புதிதாக இறக்கியிருக்கிறார். “மறுபடி இறக்கவா?” என்று பிரவுசர் கேட்டபோதெல்லாம் சரி என்று தட்டியிருக்கிறார். அதில் ஒரு பாடநூல் பல பத்து எம்பி. இறக்கியது போனில்தான் இருக்கிறது. ஃபைல்ஸ் செயலியில் ‘படிப்பு’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, பெயர் மாற்றி எடுத்து வைத்தோம். இந்த ஒரு மாற்றத்துக்கு எந்தச் செயலியும் தேவைப்படவில்லை.

அதையே இணையப் பக்கத்துக்கும் செய்யலாம். குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டால் மேலே கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கும். வைஃபை கிடைக்கிற இடத்தில் நாளை படிக்க வேண்டிய பக்கங்களைத் திறந்து அந்த அம்பைத் தொட்டு வைத்தால், பிறகு நெட் இல்லாமலே படிக்கலாம். கீவிக்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாகப் போனுக்குள் இறக்கி வைத்துக்கொள்ள முடியும். பெரிய கோப்பு, வைஃபையில்தான் இறக்க வேண்டும். இறக்கிவிட்டால் சோழர் வரலாறோ அரசமைப்புச் சட்டமோ தேடுவதற்கு ஒரு பைட்கூடச் செலவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைக்கும்போது, லேப்டாப்புக்கு அது வைஃபையாகத்தான் தெரியும். வீட்டு வைஃபை என்று நினைத்து விண்டோஸ் தன் அப்டேட்டுகளை இறக்கத் தொடங்கினால், ஒரு நாள் அளவு மொத்தமும் அதிலேயே போய்விடலாம். லேப்டாப்பில் அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் அடங்கிவிடும். ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கும்போதும், வாங்கும் போனில் அந்த வைஃபையை ‘மீட்டர்டு’ என்று குறித்து வைக்க இடம் உண்டு. வீட்டில் அப்பாவின் போனிலிருந்து நெட் வாங்கும் பிள்ளைகள் இதைச் செய்து கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் தீர்ந்துவிட்டால்? பல பேக்குகளில் அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும். நெட் நின்றுவிடவில்லை, மெலிந்துவிட்டது. இதில் வரும் ‘பி’ பிட்டைக் குறிக்கும். எட்டு பிட் ஒரு பைட். ஆக நொடிக்கு 8 கேபி. 2.3 எம்பி பக்கம் வந்து சேரக் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம். ஆனால் நாம் முன்பு கணக்குப் போட்ட 600 சொல் தமிழ்க் கட்டுரையின் எழுத்து மட்டும் என்றால் இரண்டு நொடி. படங்களை நிறுத்திய ஓபரா மினியில் அந்த வேகத்திலும் உட்கார்ந்து படிக்கலாம். நள்ளிரவில் புது அளவு வரும்வரை தினமும் மாலை ஆறு மணிக்குப் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதில்லை. எழுத்தை மட்டுமே நம்பும் தளங்களும் தமிழில் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து வெறும் எழுத்தாகவே ஏற்றி வைத்திருக்கிறது. அந்த மெதுவான வேகத்திலும் அதன் பக்கங்களுக்காகச் சற்றுக் காத்திருந்தால் போதும்.

இவ்வளவும் படிக்கிறவர் பக்கத்தில் செய்ய வேண்டியவை. பக்கத்தை ஏற்றுகிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கல்லூரியிலோ அரசு அலுவலகத்திலோ பயிற்சி மையத்திலோ இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களிடம் இருக்கலாம். கணினியில் தட்டச்சு செய்த சுற்றறிக்கையை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, அந்தப் படத்தைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறீர்கள். சில கேபியில் முடிய வேண்டியது பல எம்பியாகிவிடுகிறது. கையெழுத்திட்ட பிரதி வேண்டுமென்றால் அதையும் போடுங்கள்; பக்கத்திலேயே தட்டச்சு செய்த எழுத்தையும் பக்கத்தின் உள்ளடக்கமாகப் போடுங்கள். அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம், பெரிதாக்கிப் படிக்கலாம், பார்வையற்ற மாணவரின் போன் வாய்விட்டும் வாசித்துக்காட்டும். முடிவு வெளியாகும் நாளில் பட்டியலைப் போட்டோ எடுத்து ஏற்றாதீர்கள். பதிவெண்ணைத் தட்டினால் ஒரே வரியில் பதில் வரும்படி வையுங்கள்.